கூறு கட்டி விற்கிற பழத்தை விட்டுவிடாதே, தங்கச்சி

பிள்ளைகளுக்குச் சத்துள்ள பழம் வேண்டும் என்றதும் உன் கை நேரே கிவிக்கும் டிராகன் பழத்துக்கும் போகிறது. ஒவ்வொரு பழத்திலும் ஸ்டிக்கர் ஒட்டி, தெர்மாகோல் தட்டில் அடுக்கி வைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? வாங்காதே என்று சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன்னால் கணக்கை மட்டும் பார்த்துவிடு.

கிவி நல்ல பழம்தான். 100 கிராமில் 90 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. ஒரு பழம் சுமார் 70 கிராம், ஆக 63 மில்லிகிராம் கிடைக்கும். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 65, ஆண்களுக்கு 80 என்று ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வரையறுத்திருக்கிறது. ஒரு கிவியோடு உன் நாள் கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. சரி, இப்போது நெல்லிக்காய்க்கு வா. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் போட்ட அட்டவணைப்படி பெருநெல்லியில் 100 கிராமுக்கு 250 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. அவர்களுடைய பழைய புத்தகத்தில் 600 என்று இருந்தது. வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் அந்த 600-தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ குறைந்த கணக்கையே வைத்துக்கொள். 30 கிராம் எடையுள்ள ஒரு நெல்லிக்காய் போதும், உன் நாள் கணக்கு முடிந்துவிடும். ஆப்பிளில் 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் தேறினால் அதிகம். காய்ச்சல் என்று யாரையாவது பார்க்கப் போனால் ஆப்பிள்தான் வாங்கிப் போகிறோம் என்பது வேறு கதை.

நமக்கு இந்த விஷயத்தில் இருக்கிற வசதி எல்லா ஊருக்கும் கிடையாது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே போகப் போகக் கரிசல். மலைப் பக்கமிருந்து நெல்லி, நாவல், களாக்காய் வரும். ராஜபாளையம் அடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டை, பஞ்சவர்ண மாம்பழங்கள் வரும். கரிசல் பக்கமிருந்து இலந்தை, பனம்பழம், கொடுக்காப்புளி. இத்தனையும் நம் தெருவில்தான் கூறு கட்டி உட்கார்ந்திருக்கிறது. ஊருக்கு வருகிறவர்கள் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு, நெல்லிக்காய்க் கூடையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுவலி தீர்ந்த இடம் என்று வைத்தியநாத சுவாமி கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்களே, நாயக்கருக்கு அப்போது என்ன பழம் கொடுத்தார்கள் என்று மட்டும் அதில் வராது.

நெல்லிக்காய்: இரும்பு அரிவாள்மனையில் நறுக்காதே

நறுக்கிய கொஞ்ச நேரத்தில் துண்டும் கருக்கும், அரிவாள்மனையும் கருக்கும். நெல்லியில் இருக்கிற துவர்ப்புப் பொருளான டானின், இரும்போடு சேர்ந்து மை மாதிரி ஆகிவிடும். செம்புப் பாத்திரத்தில் வைத்தாலும் இழப்புதான், செம்பு பட்டால் வைட்டமின் சி வேகமாக அழியும். சில்வர் கத்தியால் நறுக்கு. இல்லாவிட்டால் அம்மிக்கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டு, சுளை சுளையாகப் பிரிந்துவிடும்.

கார்த்திகையிலிருந்து மாசி வரை நெல்லிக்காய் மலிவு. அப்போது இரண்டு கிலோ வாங்கி, கொட்டை நீக்கி, துண்டுகளைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வை. உறைந்த பிறகு டப்பாவில் மாற்றிக்கொண்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. வேண்டும்போது இரண்டு துண்டு எடுத்து மோரில் போட்டு, இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று. குளிரில் வைட்டமின் சி ஓரளவு நன்றாகவே தாங்கும். சூட்டில்தான் போகும், அதனால் நெல்லிக்காய் சாதம் கிளறுவதானால் அடுப்பை அணைத்த பிறகு துருவலைச் சேர்.

கடையில் விற்கிற தேன் நெல்லியை மருந்து என்று நினைத்து தினம் இரண்டு கொடுக்காதே. அது சர்க்கரைப் பாகில் ஊறிய மிட்டாய். மிட்டாயாக எப்போதாவது ஒன்று சாப்பிடலாம். அரைநெல்லியையும் பெருநெல்லிக் கணக்கில் சேர்க்காதே. இரண்டும் ஒரே பேரினம், ஆனால் அரைநெல்லியில் வைட்டமின் சி ரொம்பக் குறைவு. உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்கிற சந்தோஷத்துக்காக அது இருக்கட்டும்.

இன்னொன்று, இது உனக்கே. ரத்தம் கம்மி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள் அல்லவா? நீ மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரை, கம்பு, பயறு இவற்றில் இருக்கிற இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும். தானியத்தோடும் பருப்போடும் நெல்லிக்காய் சேர்ந்தால் கிடைக்கிற இரும்பு கூடுகிறது என்று மைசூரு ஆய்வாளர்கள் 2001-ல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே முருங்கைக்கீரை வைக்கிற அன்றைக்கு நெல்லிக்காய்ப் பச்சடி வை. சாப்பிட்டுக் கை கழுவியதும் டீயைத் தேடாதே, டீ இரும்பைப் பிடித்து நிறுத்திவிடும். ஒரு மணி நேரம் போகட்டும். மாத்திரையையும் நிறுத்தாதே. பச்சடி மாத்திரைக்குத் துணைதான், அதன் இடத்தில் உட்கார வந்ததில்லை.

பிள்ளை புளிப்பு என்று முகத்தைச் சுளித்தால் சண்டை போடாமல் கொய்யாவைக் கொடு. அதிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கொய்யா நம் நாட்டுப் பழம் இல்லையே என்று உன் மாமியார் கேட்டால், கொய்யா, சீத்தா, கொடுக்காப்புளி, சப்பாத்திக்கள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவைதான் என்று சொல். நாட்டுப்பழம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி அப்படி வந்தவை. நம் மண்ணில் தண்ணீர் கேட்காமல் காய்க்கிறது, நம் விலைக்குக் கிடைக்கிறது, எனக்கு அது போதும்.

நாவப்பழம்: தோலை உரிக்காதே, கொட்டையை நம்பாதே

ஆடிப்பூரத் தேர் சமயத்தில் வண்டி வண்டியாக வருமே, அதுதான் காலம். பெரிசாக நீளமாக இருப்பது சதைப்பற்று, இனிப்பு. சின்னதாக உருண்டையாக இருக்கிற நாட்டு நாவல் துவர்க்கும், தொண்டையைப் பிடிக்கும். ஒரு கூறு வாங்குவதானால் இரண்டையும் கலந்து வாங்கு. நாக்கை ஊதாவாக்குகிற நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். கருந்திராட்சையிலும் ப்ளூபெர்ரியிலும் இருப்பதாகச் சொல்லி வெளிநாட்டில் விற்கிறார்களே, அதே கூட்டம். தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் அது அதிகம். அதனால் கழுவி, உப்புத் தூவி, மூடி போட்ட கிண்ணத்தில் நாலு குலுக்குக் குலுக்கி அப்படியே சாப்பிட வேண்டும். காய்ச்சிச் சர்க்கரை போட்டு ஸ்குவாஷ் ஆக்கினால் நிறமி பாதி போய்விடும், சர்க்கரை முழுசாக இருக்கும்.

இந்த நிறமியின் குணத்தை உன் சமையலறையிலேயே பார்க்கலாம். நாவப்பழம் தின்ற தட்டில் சோப்புத் தண்ணீர் பட்டதும் ஊதா மாறி நீலமும் பச்சையுமாக ஓடும். அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் மறுபடி சிவக்கும். புளிப்புக்குச் சிவப்பு, காரத்தன்மைக்கு நீலம். யூனிஃபார்மில் கறை பட்டால் இதை ஞாபகம் வை: முதலில் சோப்பு போடாதே, கறை நீலமாகத் துணியில் ஊறிவிடும். உடனே எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து அலசிவிட்டு, பிறகு சோப்புக்குப் போ.

சர்க்கரை நோய்க்கு நாவக்கொட்டைப் பொடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எலிகளில் நடந்த சோதனைகள் நிறைய உண்டு. மனிதர்களிடம் நடந்தவை சின்னச் சின்னச் சோதனைகள். அந்தப் பொடியை நம்பி உன் வீட்டு மாமா சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் நான் அங்கேயே வந்து சத்தம் போடுவேன். மாத்திரையோடு பொடியையும் சேர்த்துத் தின்றால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கவும் கூடும், டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. ஒரு கைப்பிடிப் பழம் சாப்பிடட்டும், அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

விளாம்பழம் பார்த்து வாங்குவது எப்படி

பிள்ளையார் சதுர்த்திக்கு ஒன்று வாங்கி, சாமி முன்னால் வைத்து, மூன்றாம் நாள் ஓடோடு குப்பையில் போடுகிற வீடுகள் இருக்கின்றன. எனக்கு வயிறெரியும். வாங்கும்போது முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார். துள்ளினால் காய், ‘தொப்’ என்று உட்கார்ந்துவிட்டால் பழம். காதருகே வைத்துக் குலுக்கு, உள்ளே சதை ஓட்டைவிட்டுப் பிரிந்து ஆடுகிற சத்தம் கேட்கும். காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனை வர வேண்டும். புளித்த கள் வாடை அடித்தால் வைத்துவிடு. ஓட்டில் பொட்டு ஓட்டை இருந்தாலும் வேண்டாம்.

உடைத்ததும் கருப்பட்டித் தூள் போட்டுப் பிசைந்து கொடுப்பது நமக்குத் தெரிந்ததுதான். அதைவிட எனக்குப் பிடித்தது பச்சடி. சதையை எடுத்து, கொஞ்சம் வெல்லம், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துக் கரைத்து, கடுகு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டு. தயிர் சாதத்துக்கு வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். நார்ச்சத்து உண்டு. கால்சியம் 100 கிராமுக்கு 130 மில்லிகிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் போட்டிருக்கிறது. பசும்பாலுக்கு அதே புத்தகத்தில் 120. இதற்காகப் பாலை நிறுத்தப் போகாதே. பால் குடிக்காத பிள்ளைக்கு இன்னொரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொள், அவ்வளவுதான்.

இலந்தவடை வீட்டிலேயே

தை, மாசியில் இலந்தை வரும். ஆப்பிள் இலந்தை என்று பச்சையாகப் பெரிதாக விற்கிறார்களே, அது மொறுமொறுவென்று இருக்கும், வாசனை கிடையாது. சின்ன நாட்டு இலந்தையை வாங்கு. ஊசி ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார், உள்ளே புழு இருக்கும். உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிடு.

பாக்கெட் இலந்தவடையில் மண் நறநறக்கும். வீட்டில் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நன்றாகப் பழுத்துச் சிவந்த பழத்தை ஒரு நாள் வெயிலில் வாட விடு. உரலில் உப்பு, வரமிளகாய், பெருங்காயம், வெல்லம் போட்டு முதலில் இடித்து, பிறகு பழத்தைப் போட்டு இடி. புளிப்பு போதாவிட்டால் துளி புளி. வளர்ந்தவர்களுக்குக் கொட்டையோடு இடிக்கலாம். பிள்ளைகளுக்கென்றால் கொட்டையை நீக்கிவிடு, பால் பல் தாங்காது. எண்ணெய் தொட்டுத் தட்டி, தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடி, இரண்டு மூன்று வெயில் காய வை. காயும்போது வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நார்ச்சத்து நிற்கும், ருசி நிற்கும். பள்ளிக்கூட வாசலில் கலர் ஜெல்லி வாங்கித் தின்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கொடுக்காப்புளி மாசிக்குப் பிறகு வரும். வெடித்து உள்ளே இளஞ்சிவப்புத் தெரிவதை எடு, வெள்ளையாக இருப்பது அதிகம் துவர்க்கும். பனம்பழம் ஆவணியில். சுட்டுத்தான் சாப்பிட வேண்டும், நாரைச் சப்பப் பொறுமை வேண்டும். அந்த மஞ்சள் நிறம் கரோட்டின், கண்ணுக்கு நல்லது. லேசாகக் கசந்தால் பயப்படாதே, அது பனம்பழத்தின் குணம். களாக்காயை நறுக்கினால் பால் வடியும். உப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவிவிட்டு ஊறுகாய் போடு.

சப்பாத்திக்கள்ளிப் பழம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் ஏறும் என்று வீடியோ பார்த்துவிட்டு ரோட்டோரம் பறிக்க இறங்குகிறார்கள். பெரிய முள்ளைவிடக் கண்ணுக்குத் தெரியாத பூமுள்தான் ஆபத்து, நாக்கிலும் தொண்டையிலும் குத்திவிட்டால் எடுக்கவே முடியாது. இடுக்கியில் பிடித்து அடுப்பில் சுற்றிலும் வாட்டி, தோலைச் சீவி, நடுவில் இருக்கிற முள்ளுருண்டையையும் எடுத்துவிட்டுச் சாறு பிழிந்து வடிகட்டு. மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதறாதே, பீட்ரூட்டில் இருக்கிற பீட்டாலெயின் நிறமிதான் இதிலும் இருக்கிறது. சிவப்பு டிராகன் பழத்தின் நிறமும் அதுவே. இரண்டும் ஒரே கள்ளிக் குடும்பம். ஒன்று கடையில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்று வேலியில் நிற்கிறது.

‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று அட்டையில் போட்டிருந்தால்

சோதனைக் குழாயில் ஒரு பழச்சாறு எவ்வளவு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று அளந்து ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் உடம்புக்கும் அவ்வளவு நல்லது என்று அர்த்தமில்லை, குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான். அமெரிக்க வேளாண்மைத் துறை ‘ஓராக்’ என்ற பெயரில் இப்படி ஒரு பட்டியலை இணையத்தில் வைத்திருந்தது. கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டன. உடம்பில் நடப்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்று சொல்லி 2012-ல் அதை எடுத்தேவிட்டார்கள். நம்மூர்க் கடைகளுக்குத்தான் அந்தச் சேதி இன்னும் வரவில்லை.

மாத்திரையாக விழுங்கினால் என்ன என்று கேட்பாய். பின்லாந்தில் புகைபிடிக்கிற ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நினைத்துக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நோய் கூடியிருந்தது. பனம்பழத்திலும் மாம்பழத்திலும் இருக்கிற அதே கரோட்டின்தான். பழத்தில் நாரும் தண்ணீரும் வேறு நூறு பொருள்களும் கூட வருகின்றன, ஒரு அளவுக்கு மேல் நம்மால் தின்னவும் முடியாது. மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் எந்தப் பழத்தில் எண் அதிகம் என்று தேடாதே. நாளுக்கு 100 கிராம் பழம், அதுவும் மாதத்துக்கு மாதம் வேறு வேறு நிறம். நம் சந்தை தானாகவே அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது, நீ அதன் பின்னால் போனால் போதும்.

கவனம்

வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகச் சாறு குடிக்கிற பழக்கம் வேண்டாம். கேரளத்தில் பிலிம்பிக்காயைச் சாறு பிழிந்து கொழுப்புக் குறையக் குடித்தவர்களில் சிலருக்கு ஆக்ஸலேட் சேர்ந்து சிறுநீரகமே பழுதானது மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, அதில் இருக்கிற நச்சு மூளையைத் தாக்கும். கல் பிரச்சினை உள்ளவர்கள் நெல்லிச்சாறு ஆரம்பிப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்கட்டும்.

நாவல், இலந்தை இரண்டையும் நாலு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குக் கொட்டையோடு கொடுக்காதே, தொண்டையில் அடைக்கும். அணில் கடித்த பழம் இனிக்கும் என்று அம்மாச்சி சொல்வார்கள். வௌவால் கடித்ததா அணில் கடித்ததா என்று நமக்கு எப்படித் தெரியும்? 2018-ல் கோழிக்கோட்டில் வௌவால் வழியாகப் பரவுகிற நிபா காய்ச்சல் வந்த பிறகு கடிபட்ட பழம், மரத்தடியில் விழுந்து கிடக்கிற பழம் எதுவும் நம் வீட்டுக்குள் வருவதில்லை. சீத்தாப்பழம் தின்றுவிட்டுக் கொட்டையைப் பொடித்துப் பேனுக்குத் தலையில் தேய்க்கிறார்களே, அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். பேன் சீப்பு போதும்.

செண்பகத்தோப்புப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பழம் பறிக்கக் காட்டுக்குள் இறங்காதே. 1988-லேயே அது சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகம். காட்டில் சிறு வனப்பொருள் சேகரிக்கிற உரிமை, 2006-ம் வருஷச் சட்டப்படி அங்கேயே வாழ்கிற பளியர் மக்களைப் போன்றவர்களுக்கு உண்டு. அவர்கள் கொண்டுவந்து விற்றால் பேரம் பேசாமல் வாங்கு.

உன் வீட்டுப் பின்புறம் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றாயே. நெல்லி வைப்பதானால் ஒட்டுக்கன்றாக, இரண்டு வேறு ரகமாக வாங்கு. காஞ்சன், கிருஷ்ணா, என்.ஏ.7 என்று கேட்டால் நர்சரியில் கொடுப்பார்கள். ஒற்றை மரம் பூத்துத் தள்ளும், காய் சரியாகப் பிடிக்காது. வேலி ஓரத்துக்குக் களா, முள்ளும் ஆச்சு, காயும் ஆச்சு. நாவலுக்கு மட்டும் ஆசைப்படாதே. வீட்டைவிட உயரமாக வளர்ந்துவிடும், ஆனி ஆடி முழுக்கப் பழம் கொட்டும், கொடியில் மாமாவின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருக்கும்.